புதிய பள்ளிக்கூடமும் மூன்று பிள்ளைகளும்

2024 மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணியிருக்கும். நிலாவெளி வீதியால் வெளிக்களப் பணிக்காகச் சென்றுகொண்டிருந்தேன். உப்புவெளியில் இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்த பொதுநலவாயப் படையினரின் மயானத்தைத் தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் திரும்பியபோது, தகரக் கூரை வீடொன்றின் படியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல், மடியில் புத்தகப் பை. சப்பாத்தும் போட்டாயிற்று. ஆனால் பள்ளிக்கூடம் தொடங்கி ஒன்றரை மணி நேரமாகிவிட்டது.

"ஏன் மகள், இன்னும் போகேல்லையா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து தாய் வந்தார்.

"மூண்டு நாளா இப்பிடித்தான் மிஸ். விடிய எழும்புவாள், உடுப்பாள், தலை பின்னுவாள். வாசலுக்கு வந்தவுடன இருந்திடுவாள்."

அந்தக் குடும்பத்தோடு எனது பழக்கம் அவ்வாறுதான் ஆரம்பமாகியது. அதன் பின்னர் ஒன்றரை வருடத்துக்கு மேலாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். அங்கு நடந்தவற்றை எழுதலாமா என்று தாயிடம் கேட்டபோது, "பேரைப் போடாமல் எழுதுங்கோ. அங்கயிருந்து வாற ஆக்களுக்கு உதவும்தானே" என்றார். அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன்.

அந்தத் தாய்க்கும் எனக்கும் ஒரே வயது. 2006ஆம் ஆண்டு எங்கள் இருவருக்கும் 16 வயது. அந்த வருடம் ஏப்ரல் மாதம் திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்து, அதைத் தொடர்ந்து கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது, அவருடைய குடும்பம் மன்னாருக்குப் போய் அங்கிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கியது. மண்டபம் முகாமில் சில மாதங்கள், பின்னர் திருச்சி கொட்டப்பட்டு முகாம். நான் சம்பூர்ப் பக்கம். அதே ஏப்ரலில் எங்கள் பக்கம் விமானக் குண்டு விழுந்தபோது, என்னை உப்புவெளியிலிருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆக, ஒரே வருடத்தில் அவர் உப்புவெளியை விட்டுப் போனார், நான் உப்புவெளிக்கு வந்தேன். அந்த டிசம்பரில் யாரையுமே தெரியாத ஒரு வகுப்பறையிலிருந்துதான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். நான் முன்பு படித்த சம்பூர் மகா வித்தியாலயம் கடற்படையினரிடமிருந்து திரும்பக் கிடைத்தது 2016இல். அப்போது நான் பட்டப்படிப்பையும் முடித்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தேன்.

அவர் முகாமிலேயே திருமணம் செய்து மூன்று பிள்ளைகளைப் பெற்றார். 2023 நவம்பரில், அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயத்தின் உதவியுடன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானத்தில் நாடு திரும்பினார். கணவர் வரவில்லை. அங்கு பெயின்ட் அடிக்கும் வேலை செய்கிறார். கடன் கொஞ்சம் இருக்கிறது, அதைக் கட்டி முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே தாயின் தாயார் தனியாக இருந்த வளவுக்குள்தான் இப்போது குடியிருப்பு.

அந்த வருடம் பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்கவில்லை. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து நாட்காட்டியைத் தள்ளிவிட்டிருந்தபடியால் 2024 பெப்ரவரியில்தான் தொடங்கியது. தமிழ்நாட்டிலோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். அங்கே ஒன்பதாம் வகுப்பின் நடுவில் எழும்பி வந்த மூத்தவள், இங்கே எந்தத் தரத்தில் இருக்க வேண்டும்? 2009 ஜூலையில் பிறந்தவள். வயதின்படி பார்த்தால் தரம் 10. பாடசாலை அவளைத் தரம் 8இல் விட்டது. "சிங்களம் ஒரு எழுத்தும் தெரியாது, சமயம் படிக்கவில்லை, எங்களுடைய வரலாறு தெரியாது" என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் பொய்யல்ல. ஆனால் கொட்டப்பட்டில் வகுப்பில் இரண்டாவதாக வந்த பிள்ளை, தன்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளுக்கு நடுவில், தலை ஒன்று உயரமாகக் கடைசி வாங்கில் இருக்க வேண்டியிருந்தது.

அதையும் அவள் தாங்கியிருப்பாள் என்றே நினைக்கிறேன். வாசலில் அவளை இருத்திவைத்தது வேறு விடயம். அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு வாரம் எடுத்தது. விஞ்ஞானப் பாடத்தில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு எழும்பி "ஆக்சிஜன்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பு முழுவதும் சிரித்திருக்கிறது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, "படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்காமல் தமிழில சொல்லும்" என்றிருக்கிறார். எங்கள் புத்தகத்தில் அது ஒட்சிசன்.

"அங்க எங்களை சிலோன் அகதின்னு சொல்லுவாங்க மிஸ். இங்க வந்தா இந்தியாக்காரின்னு சொல்றாங்க" என்றாள். அழவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

வாசகிகளில் பலருக்கு இது சின்ன விடயமாகத் தோன்றலாம். இரண்டும் தமிழ்தானே என்று நானும்தான் முதலில் நினைத்தேன். அவளுடைய பழைய புத்தகங்களையும் புதிய புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். ஹைட்ரஜன் இங்கே ஐதரசன், கார்பன் இங்கே காபன். கணிதத்தில் இயற்கணிதம் என்று படித்தவளுக்கு அட்சரகணிதம் என்றால் என்னவென்று தெரியாது. வடிவியல் என்றது இங்கே கேத்திரகணிதம். முக்கோணம் என்றது முக்கோணி. கணக்குத் தெரிந்த பிள்ளைக்குக் கேள்வி விளங்கவில்லை. சாதாரணப் பேச்சிலும் அப்படித்தான். நோட்டு என்றால் கொப்பி, ஸ்கேல் என்றால் அடிமட்டம், சோப்பு என்றால் சவர்க்காரம். கடைக்குப் போய் பிரெட் கேட்ட தம்பியை, "பாண் எண்டு கேள் தம்பி" என்று கடைக்காரர் திருத்தியிருக்கிறார். அது அன்பாகச் சொன்னது, அவனுக்கு வலிக்கவில்லை. வகுப்பில் சிரித்தது வலித்தது.

எனது துறையில் இருப்பவர்கள், நான் உட்பட, இப்படியொரு பிள்ளையைக் கண்டவுடன் உளப்பாதிப்பு என்று எழுதிவிடுகிறோம். படம் கீறச் சொல்கிறோம், விளையாட விடுகிறோம். அதில் பிழையில்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது ஒரு சொற்பட்டியல். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அங்கத்தைய சொல், வலப்பக்கம் இங்கத்தைய சொல். அதை நிரப்பியது நானல்ல. அவளுடைய கணித ஆசிரியை. வயது குறைந்த பெண், புதிதாக நியமனம் பெற்று வந்தவர். ஒரு நாள் பாடம் முடிய அவளை நிற்கச் சொல்லி, புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வகுப்பில், "முக்கோணம் எண்டாலும் சரி, முக்கோணி எண்டாலும் சரி. ஆனால் சாதாரண தரத் தாளில முக்கோணி எண்டுதான் வரும்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் பிள்ளை வாசற்படியில் இருக்கவில்லை.

தரம் பற்றிய பிரச்சினையில் நான் ஒரு பிழை விட்டேன். வயதுக்கேற்ற வகுப்பு என்பதைப் பிடித்துக்கொண்டு, தரம் 10இல் விடவேண்டுமென்று வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதும்படி தாயைத் தூண்டினேன். கடிதத்தைப் பிள்ளை வாசித்துவிட்டாள். "பத்துல போட்டா அடுத்த வருஷமே பதினொண்ணு. சிங்களம், சைவநெறி, வரலாறு எல்லாம் ஒரே வருஷத்துல எப்படி மிஸ் படிக்கிறது? ஒன்பதுல போடச் சொல்லுங்க" என்றாள். என்னைவிட அவள் சரியாகக் கணக்குப் பார்த்திருந்தாள். கடிதத்தை மாற்றி எழுதினோம். அதிபரும் சம்மதித்தார். இரண்டாம் தவணையில் தரம் 9க்குப் போனாள். பிள்ளையைப் பற்றிக் கடிதம் எழுதும்போது பிள்ளையிடமும் கேட்க வேண்டுமென்பதை, சமூகவியலில் பட்டம் பெற்ற எனக்கு 14 வயதுப் பிள்ளை சொல்லித்தர வேண்டியிருந்தது.

நடுவிலான் ஆண் பிள்ளை. அவனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் பையைத் தூக்கிக்கொண்டு போய்வந்தான். அவனைத் தரம் 5இல் சேர்த்திருந்தார்கள். தரம் 5 என்றால் எங்கள் நாட்டில் என்ன நடக்கும் என்பது தாய்மாருக்குத் தெரியும். புலமைப்பரிசில், புலமைப்பரிசில், புலமைப்பரிசில். காலை வகுப்பு, மாலை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அங்கே ஐந்தாம் வகுப்பில் அப்படியொரு சோதனையே கிடையாது. அவன் படித்த அரசுப் பள்ளியில் 2023 ஓகஸ்டிலிருந்து காலையுணவும் கொடுத்தார்கள். உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனவனை, இங்கே ஒரு பின்வாங்கில் இருத்தி, வினாத்தாள் கொடுக்காமல், "நீ சும்மா இரு" என்று விட்டுவிட்டார்கள். சித்தியடையும் வீதம் குறைந்துவிடும் என்ற பயம்.

மே மாதமளவில், தாய் விருந்தினர் விடுதியொன்றில் துணி தோய்க்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார். உப்புவெளியில் கடல் அமைதியாகி வெள்ளைக்காரர் வரும் காலம் அது. காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். அந்த நாட்களில் மகன் பின்னேரம் ஒரு பையில் சூடை மீன் கொண்டுவரத் தொடங்கினான். பக்கத்து வீட்டு மாமா தந்தார் என்றான். அம்மம்மாவும் சந்தோசமாக வாங்கிக் குழம்பு வைத்தார். மூன்றாவது வாரம் கரைவலைக்காரர் ஒருவர்தான் தாயிடம் சொன்னார்: "பெடியன் நல்லா இழுக்கிறான் தங்கச்சி, ஆனால் பள்ளிக்கூட நேரத்தில வாறான்." பையைத் தாழம்பற்றைக்குள் ஒளித்துவிட்டு வலை இழுத்திருக்கிறான். கூலி, மீன்.

தாய்க்குக் கோபம். அகப்பைக் காம்பால் அடித்தும்விட்டார். அடித்ததை என்னிடம் அவரே சொல்லி அழுதார். நான் அவனோடு கடற்கரையில் நடந்தபடி கதைத்தபோது, "வலை இழுக்கும்போது நான் எந்த ஊருன்னு யாரும் கேக்கல" என்றான். வலை இழுப்பதில் எல்லோரும் ஒரே கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும். அவனுக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

இலங்கையில் பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமான வயது முன்பு 14ஆக இருந்து, 2016இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டுள்ளது. சட்டத்தைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் பின்வாங்கில் சும்மா இருப்பதற்கு அனுப்பி என்ன பயன்? தாயையும் கூட்டிக்கொண்டு வகுப்பாசிரியரிடம் போனோம். புலமைப்பரிசில் வேண்டாம், வாசிப்பும் எழுத்தும் கணக்கும் போதும், ஆனால் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளை அவனுக்கும் கொடுங்கள் என்று தாய் கேட்டார். அவர் அன்று பேசியதை நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பெற்றோர் கூட்டங்களில் கடைசிக் கதிரையில் வாய் திறக்காமல் இருந்தவர். தாள் கொடுத்தார்கள். செப்டெம்பரில் பரீட்சையும் எழுதினான், குறைந்த புள்ளிதான். அந்த வருடத் தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், எல்லோருக்கும் அந்த மூன்றுக்கும் புள்ளி வழங்கும்படி தீர்ப்பானது. அந்த இலவசப் புள்ளிதான் தனக்குக் கிடைத்த பரிசு என்று அவன் பகிடி விடுவான். இப்போது தரம் 6. உதைபந்தாட்ட அணியில் சேர்ந்திருக்கிறான். சனிக்கிழமைகளில் வலைக்குப் போக தாய் அனுமதித்திருக்கிறார்.

கடைக்குட்டியைப் பற்றி எழுத அதிகமில்லை. தரம் 1இல் எல்லாப் பிள்ளைகளுமே புதியவர்கள். இரண்டே மாதத்தில் "எனக்கு ஏலாது", "நான் வரேல்லை" என்று கதைக்கத் தொடங்கி, இப்போது அக்காவையே திருத்துகிறாள். இரவில் சில நாள் படுக்கையை நனைத்தாள். தகப்பனிடம் ஒவ்வொரு நாளும் இரவு தொலைபேசியில் கதைக்க ஒழுங்கு செய்தபின் அதுவும் மெல்ல மெல்ல நின்றுவிட்டது.

பிள்ளைகள் பழகிவிட்டார்கள் என்றால் கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. கடதாசி இருக்கிறது.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வரும் தாய்மார், அங்கிருந்து புறப்படும்போதே பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியையும் தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துவருவது நல்லது. இங்கே வந்தபின் அவற்றை எடுப்பது மிகவும் கடினம். அதைவிட முக்கியமானது பிரஜாவுரிமை. 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, தாய் தகப்பன் இருவரும் இந்தியர் அல்லாதவிடத்து, அங்கே பிறந்ததால் மட்டும் இந்தியப் பிரஜாவுரிமை கிடையாது. இலங்கைப் பிரஜாவுரிமை பெற்றோர் வழியாகக் கிடைக்கும். ஆனால் பிறப்பைப் பதிவுசெய்து அதற்கான சான்றிதழைப் பெற வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் செய்வது முறை. பிந்தினால் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம்.

இந்தத் தாய் கடைசி இரண்டு பிள்ளைகளுக்கும் முகாமிலிருந்தபோதே சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தின் மூலம் செய்துவிட்டார். மூத்தவள் பிறந்தது யுத்தம் முடிந்து இரண்டே மாதத்தில். அந்த நேரம் இலங்கை அலுவலகம் என்றாலே பயம், போகவில்லை. நாடு திரும்பும்போது அவளுக்குத் தற்காலிகப் பயணப் பத்திரம் கிடைத்தது. அது விமானம் ஏற மட்டும்தான்.

15 வயது பூர்த்தியானால் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலை மூலமே அதைச் செய்யலாம். அவளுடைய வகுப்பில் எல்லோரும் படிவம் நிரப்பியபோது அவள் மட்டும் நிரப்பவில்லை. பரீட்சை மண்டபத்துக்குள் போக அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டும். இதைக் கேள்விப்பட்ட இரவு, "இவளைத் தையல் பழக விடட்டோ மிஸ்? சோதினை எழுத விடாட்டில் படிச்சு என்ன?" என்று தாய் என்னிடம் கேட்டார். உள்ளறையில் விளக்கெரிந்துகொண்டிருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அலுவலகமொன்றுக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் "தகப்பன் வரட்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். திருமணம் முகாம் கோயிலில் நடந்தது, பதிவுத் திருமணமில்லை, தகப்பனும் இங்கில்லை. மூன்றாம் முறை நானும் போனேன். 2003இல் பிரஜாவுரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது என்பதும், அதற்கு முன்பு தகப்பன் வழியாகவே கிடைத்த உரிமை அதன் பின் தாய் வழியாகவும் கிடைக்கும் என்பதும் எங்கள் பெண்களில் மிகச் சிலருக்கே தெரியும். அன்று அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கும் ஞாபகமில்லை. அவர் கோபிக்கவில்லை, உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "அப்ப தாயின்ர பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவாங்கோ" என்றார்.

தாயின் பிறப்புச் சான்றிதழை 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோய்விட்டது. அவருடைய புதிய பிரதியை எடுக்க, பிறந்த ஆஸ்பத்திரி, பிறந்த திகதி, பெற்றோரின் பெயர் என்று பதிவகத்தில் தேட வேண்டியிருந்தது. அம்மம்மாவுக்குத் திகதி ஞாபகமில்லை; "வெசாக்குக்கு முதல் கிழமை, மழையில்லாத நாள்" என்றார். ஆனாலும் கிடைத்தது. அதில் தாயின் பெயர் ஒரு எழுத்து வித்தியாசமாக இருந்தது. அதற்கு ஒரு சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல்.

இந்தக் காலத்தில் பிள்ளை படிப்பை விடவில்லை. இப்போது தரம் 10. சிங்களம் மெதுவாக வருகிறது. தாயோடு துணி தோய்க்கும் கந்தளாய்ப் பெண்ணொருவர், வேலை முடிய அரை மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அதற்குப் பதிலாக இவள் அவருடைய மகனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். சென்ற தவணையில் சிங்களத்துக்கு 38 புள்ளி, கணிதத்துக்கு 81. சொற்பட்டியல் கொப்பி முடிந்து இரண்டாவது கொப்பி நடக்கிறது. முதலாவதை, புதிதாக வந்து சேர்ந்த இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம். அந்தப் பிள்ளை மண்டபத்திலிருந்து வந்தவள் என்றாள்.

போன கிழமை போனபோது, படியில் இருந்து கடந்தகால வினாத்தாள் செய்துகொண்டிருந்தாள். எப்போது போகிறோம் என்று கேட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை விண்ணப்பத்தைக் கையளிக்கிறோம். தாயின் பிறப்புச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனை அட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைக்கச் சொன்னேன். தாய் அன்று வேலைக்கு அரை நாள் லீவு கேட்டிருக்கிறார். எட்டரை மணி பஸ்ஸில் போவதாகப் பேச்சு.